சீனம் படித்த பசியாவரத்துக்காரர்

அவரோடு டீக்கடைக்குப் போனால் எனக்கு எரிச்சல்தான் வரும். பழவேற்காட்டில் நாங்கள் வேலை பார்த்த நண்டு ஷெட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. காலையில் அங்கே இருபது கை ஒரே நேரத்தில் நீளும். எட்டிப் பிடித்தவனுக்கு டீ. இவர் மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார். தனக்கு முன்னால் யார் யார் வந்தார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் எல்லாரும் வாங்கி முடிக்கிற வரைக்கும் கையை நீட்ட மாட்டார். அதற்குள் அவருக்குப் பின்னால் வந்த பத்துப் பேர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

"இன்னாண்ணா இது, கைய நீட்னாதான குடுப்பான்" என்பேன்.

"வரும் தம்பி. எங்க போயிடப் போவுது?" என்பார்.

எங்கே போயிடப் போவுதாம்! அதற்குள் பால் தீர்ந்து, மாஸ்டர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பான்.

அவர் பசியாவரம். ஏரிக்கு நடுவில் இருக்கிற ஊர், படகில்தான் போக வேண்டும். நான் காட்டூர். நெல் பயிர் செய்கிற வீட்டுப் பிள்ளை, பி.காம். முடித்துவிட்டு ஷெட்டில் எழுத்து வேலைக்கு வந்தவன். எனக்கு மீனைத் தின்னத் தெரியுமே தவிர ஏரியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. அவர் ஏன் இப்படி நிற்கிறார் என்று ஷெட்டில் இருந்தவர்கள்தான் எனக்கு விளக்கினார்கள். ஏரியில் வலை கட்டத் தோதான இடம் கொஞ்சம்தான். ஆளாளுக்குப் பாய்ந்தால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அதனால் ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள், இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு இல்லாத நாளில் கரையில் உட்கார்ந்து, அடுத்தவன் அள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மற்றவர்கள் தண்ணீரில் இருக்கிற வரைக்கும் அதை மதித்துவிட்டு, கரையேறியதும் டீக்கு அடித்துக்கொண்டார்கள். இவர் கரையேறியும் மறக்கவில்லை.

பேச்சிலும் அதே கதைதான். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் நுழைய மாட்டார். ஒருநாள் ஷெட்டில் மேனேஜர் என்னை நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்கு மேல் ஒட்டுகிற சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். கொஞ்ச நேரமாகவே பசியாவரத்துக்காரர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. மேனேஜர் என்னை ஆசை தீரத் திட்டி முடித்துவிட்டு, "உனக்கு இன்னாய்யா?" என்று திரும்பினார்.

"நண்டு கட்ச்சிக்கினு கீது சார்" என்றார்.

குனிந்து பார்த்தால் அவர் கால் கட்டைவிரலில் ஒரு பெரிய சேற்று நண்டு தொங்கிக்கொண்டிருந்தது, ரத்தம் சொட்டச் சொட்ட. ஷெட்டே உருண்டு புரண்டு சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் கம்பெனி நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, உயிரோடு பெட்டியில் அடுக்கி, மெட்ராஸிலிருந்து விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வாங்குகிறவர்கள் எல்லாரும் சீனர்கள். அவர்கள் வீட்டுக்கொரு சீனம் பேசிக்கொண்டிருந்த காலம். எல்லாரும் மாண்டரின் என்கிற பொதுச் சீனம் பேசுங்கள் என்று அங்கே அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளிக்கு அங்கே ஒரு சீனக் கூட்டாளி உண்டு. ஏரி நண்டு தெரிந்த, மாண்டரின் பேசுகிற ஆள் ஒருவன் என் கடையில் வேண்டும் என்று அவர் கேட்டார். நண்டு தெரிந்தவர் என்று இவரையும், படித்தவன் என்று என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். கோடை விடுமுறைக்கு வெளிநாட்டு மாணவர்கள் வந்து சேருகிற ஆறு வார வகுப்பு, சிங்கப்பூரிலேயே. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வகுப்பு முடிந்ததும் யாருக்குப் பாஷை வந்திருக்கிறது என்று டீச்சர் எழுதித் தருவார். அவன் அங்கேயே வேலைக்கு இருக்கட்டும், மற்றவன் ஊர் திரும்பட்டும்.

எங்கள் அம்மா காட்டூர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, பிள்ளை சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறான் என்று. இன்னும் வகுப்பே தொடங்கவில்லை, கேசரி கிண்டிக் கொடுத்துவிட்டாள்.

அவர் செய்துவிட்டு வந்தது வேறு. அவர் வீட்டுக்கு ஒரே ஒரு பாடு. தம்பிக்கு அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரே பாட்டை வைத்து இரண்டு குடும்பம் தின்ன முடியாது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, என் பாட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அப்படிச் சொன்னால் சொன்னதுதான், திரும்பக் கேட்கிற வழக்கம் கிடையாது. விமானத்தில் உட்கார்ந்துகொண்டு இதை அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"பாஷ வரலன்னா இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"வந்துரும்" என்றார். "எம் பொண்ணு பள்ளிக்கூடம் பூரா சொல்லிட்டாளாம், எங்க நைனா படிக்கப் போறாருன்னு. மூணாவதுதான் படிக்கிறா. அவ டீச்சர் கூட என்னியப் பாத்து, படிக்கவாய்யா போறேன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் ஐந்தாவதோடு நின்றவர்.

சிங்கப்பூர் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏன் தெரியுமா? வரிசை! பஸ்ஸுக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, டெலிபோன் பேச வரிசை. வந்த இரண்டாம் நாள் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நின்றுகொண்டு, "பாரு தம்பி, ஒருத்தனும் நடுவுல பூர மாட்டேன்றான்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஆனால் வகுப்பில் வரிசை இல்லை. அங்கேதான் வந்தது வினை.

ஒரு கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. பத்துப் பதினோரு பேர். டீச்சர் நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி, நல்ல மனுஷி. கேள்வியை எல்லாருக்கும் பொதுவாகக் கேட்பார், தெரிந்தவர்கள் சட்டென்று சொல்ல வேண்டும். முன் பெஞ்சில் ஒரு அமெரிக்கப் பையன், இருபது வயது இருக்கும். டீச்சர் வாய் மூடுவதற்குள் கத்துவான். அடுத்து ஒரு ஜப்பான் பெண். அடுத்து நான், அரைகுறையாக. இவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மொற யாரு வைக்கிறது இங்க?" என்று முதல் நாளே என்னிடம் கேட்டார்.

"மொறயெல்லாம் இல்லண்ணா. தெரிஞ்சா கத்த வேண்டியதுதான்."

"அந்தப் பின்னாடி பொண்ணு இன்னும் ஒரு தபா கூட சொல்லலியே. அத்தத் தாண்டி நான் எப்பிடிச் சொல்றது?"

"அவளுக்குத் தெரியாதுண்ணா, அதான் சொல்லல."

"தெரியலன்னா, தெரியலன்னு சொல்லட்டும். அப்பறம் நான் சொல்றேன்" என்றார். என்ன செய்வது இந்த மனுஷனை?

இரண்டு மூன்று முறை டீச்சர் அவரைப் பார்த்தே கேட்டார். அவர் எழுந்து, வேட்டி கட்டிய பழக்கத்தில் பேண்ட்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைப்பதற்குள் அமெரிக்கப் பையன் பதிலைச் சொல்லிவிட்டான். இவர் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதரைக் கூச்சப்படுத்தக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அதற்கப்புறம் டீச்சர் அவரைக் கேட்பதையே விட்டுவிட்டார்.

அவருக்கு வந்த அளவுக்கு அந்த வகுப்பில் யாருக்குமே வரவில்லை என்று எனக்குத்தான் தெரியும். அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து படிக்கும்போது பார்ப்பேனே. எழுத்து இரண்டு பேருக்குமே கோழி கிளறின மாதிரிதான். பேச்சு அப்படியில்லை. சீனத்தில் ஒரே சொல்லை இழுத்தால் ஒரு பொருள், ஏற்றினால் ஒரு பொருள், இறக்கினால் ஒரு பொருள். நான் அதில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அவருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

"படகக் கூப்புடற மாதிரிதான் தம்பி. தூரத்துல கீறவன வான்னு கூப்புட்டா நீட்டணும். யாரு நீன்னு கேட்டா ஏத்தணும். மனசில்லாம ம்னு சொன்னா எறக்கி ஏத்தணும். வைய்யறப்ப வெட்டி எறக்கணும். அவ்ளோதான" என்று நாலு விதமாகவும் செய்து காட்டினார். நாலும் டீச்சர் சொல்கிற மாதிரியே இருந்தது. எனக்கு ஆறு வாரத்திலும் வரவில்லை, இன்றைக்கும் சரியாக வருவதில்லை.

நாலாவது வாரம் அந்தச் சீனக் கூட்டாளி எங்களை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். நண்டுத் தொட்டி பக்கத்தில் எங்களை விட்டுவிட்டு அவர் யாருடனோ பேசப் போய்விட்டார். ஒரு சீனக் கிழவி கூடையோடு வந்து, தொட்டியைக் காட்டி என்னிடம் மாண்டரினில் ஏதோ கேட்டாள். நான் முழித்தேன். மறுபடி கேட்டாள். நான் ஈயென்று இளித்தேன். சலித்துப்போய் அவள் இவர் பக்கம் திரும்பி, நேராக இவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அவ்வளவுதான், கொட்டிவிட்டார் மனுஷன்! ஒரு நண்டை எடுத்துத் திருப்பி, வயிற்றுப் பக்கம் அமுக்கிக் காட்டினார். இது பெண், உள்ளே நிறைய முட்டை இருக்கிறது என்றார். இன்னொன்றைக் காட்டி, அதை வாங்காதீர்கள், போன வாரம் தோல் உரித்தது, உள்ளே வெறும் தண்ணீர் என்றார். கிழவி வாயைப் பிளந்தாள். எந்த ஊர் நீ என்று கேட்டாள். பெரிய ஏரி, நடுவில் ஒரு சின்ன ஊர், அங்கே என் மகள் இருக்கிறாள் என்றார். தப்பில்லாமல், தயங்காமல், சீனத்தில். கிழவி போகும்போது அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த மனிதனிடம் யாராவது ஒருவர் நேராகக் கேட்டு, பதில் சொல்ல விட்டால் போதும், நான் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தெரிந்துவிட்டது. காட்டூர் பஸ் ஸ்டாப்பில் நான் பெட்டியோடு இறங்குவதும், கேசரி தின்றவர்கள் எல்லாரும் பார்ப்பதும் கண்முன்னால் வந்தது.

ஐந்தாவது வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், வகுப்பு முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தோம். டீச்சர் பின்னால் கூப்பிட்டார். கையில் நோட்டு. அந்த மாடியில் சீனம் தவிர வேறு பேசக்கூடாது என்று கட்டுப்பாடு, அதனால் எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சீனத்திலேயே கேட்டார். இவர் எனக்குப் பக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"தா தோங் மா?" இவருக்குப் புரிகிறதா?

முகத்தில் கவலையோடுதான் கேட்டார். நல்லதாக எழுத ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் கேட்டார். அவங்க ஊரில் முறை என்று ஒன்று உண்டு, இவர் முறை வராமல் பேச மாட்டார், நீங்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். முழுக்கச் சீனத்தில் வராவிட்டால் கீழே இறக்கிக் கூட்டிப்போய் இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

"தா பு தோங்" என்றேன். இவருக்குப் புரிவதில்லை.

டீச்சர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். நான் விறுவிறுவென்று படியிறங்கினேன். அவர் குடையோடு பின்னால் வந்தார். கீழே வந்ததும், "மழ வருது தம்பி, உள்ள வா" என்று குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

அப்புறம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? நான் இருந்தேன், அவர் திரும்பினார். விமான நிலையத்தில் மகளுக்கென்று வாங்கிய கலர் பென்சில் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "பாடு உனுக்கு விழுந்துச்சு தம்பி, நல்லா இரு" என்றார். அவர் குரலில் எதுவும் இல்லை. அதனால் அவருக்கு எதுவும் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டேன்.

ஊரில் பாடு தம்பியுடையது. இவர் கேட்கவில்லை, தம்பியும் கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனாராம். பிறகு மறுபடியும் ஷெட்டுக்கே வந்து நண்டு கட்ட உட்கார்ந்துவிட்டார். அவர் கட்டிய பெட்டிகள் சிங்கப்பூரில் எனக்குத்தான் வரும். அவற்றில் ஒரு நண்டு கூடச் செத்து வராது. சீனக் கூட்டாளி அதைப் பார்த்து என்னைத் தட்டிக்கொடுப்பார்.

நாலு வருடம் கழித்து லீவில் வந்தேன். அவரைப் பார்க்காமலே திரும்பிவிடலாமென்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள், அவர் மட்டும் நண்டு கட்டிக்கொண்டிருந்தார். "வா தம்பி, சதை போட்டுட்ட" என்று சிரித்தார். நான் எதிரே குந்திக்கொண்டு, வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு மாடிப்படியில டீச்சர் உங்களப் பத்திக் கேட்டாங்க. உங்களுக்குப் புரியலன்னு சொல்லிட்டேன். பொய்ண்ணா அது."

கையில் இருந்த நண்டைக் கட்டி முடித்துக் கூடையில் வைத்தார்.

"தெரியும் தம்பி. பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். அந்தம்மா கேட்டதும் புரிஞ்சிது, நீ சொன்னதும் புரிஞ்சிது."

ஐயோ, என்னைப் போல மடையன் உண்டா! அவருக்குச் சீனம் நன்றாகத் தெரியும் என்பதால்தானே அந்தப் பொய்யைச் சொன்னேன். அதைச் சீனத்திலேயே, அவர் காது கேட்கச் சொல்லியிருக்கிறேன். நாலு வருடமாக அது எனக்கு உறைக்கவே இல்லை.

"அப்ப ஏண்ணா ஒரு வார்த்த பேசல?"

"உன்னியதான கேட்டாங்க. நீ பதில் சொல்ற எடத்துல நான் எப்பிடிப் பூர்றது?"

"கோவம் இல்லியாண்ணா எம்மேல?"

"கீது" என்றார் உடனே. "இல்லாம இன்னா? இத்தினி நாளா நீ கேக்கல, அதான் நான் சொல்லல." அடுத்த நண்டை எடுத்தார். கயிற்றைச் சுற்றாமலே கீழே வைத்துவிட்டார். "வேல போனது போவட்டும் தம்பி. எம் பொண்ணு ஏழாவது படிக்கிறா. பள்ளிக்கூடம் வேணான்றா இப்ப. ஏன்டின்னா, எங்க நைனா சீமைக்குப் போயே படிப்பு ஏறாம வந்தவரு, எனுக்கு மட்டும் எங்கருந்து ஏறும்னு கேக்கறா. ஊர்ல எல்லாம் அப்பிடித்தான் சொல்லி வச்சிகீறானுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ கூட குந்திப் படிச்சவன். ஒரு நட வந்து, உங்க நைனாவுக்கு நல்லா வந்துச்சின்னு அவகிட்ட சொல்றியா?"

அவர் வாய்விட்டு என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"நாளைக்கே வரேண்ணா" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் படகுத்துறைக்குப் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் பசியாவரம் தெரிந்தது. அங்கே அவர் மனைவி இருப்பாள், தம்பி இருப்பான், கரையில் ஊரே இருக்கும். நன்றாக வந்தது என்று நான் சொன்னால், பின்னே ஏன் திரும்பி வந்தார் என்று அந்தப் பெண் கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். முதல் படகு வந்தது. பக்கத்தில் அரிசி மூட்டையோடு நின்ற ஒருவரைப் பார்த்து, நீங்க ஏறுங்க என்றேன். அடுத்த படகுக்கு ஒரு கைக்குழந்தைக்காரி. நீ போம்மா, நான் அப்புறம் வரேன் என்றேன். வெயில் ஏறியது. துறையில் நான் ஒருவன்தான் மிச்சம். படகுக்காரர், "சார், ஏறலியா?" என்றார். ஒருத்தருக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பொன்னேரி பஸ்ஸைப் பிடித்தேன்.

அடுத்த ஆனியில், பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகு, மேனேஜர் ஏதோ விஷயமாக எனக்குக் கடிதம் எழுதினார். கீழே இரண்டு வரி சேர்த்திருந்தார். பசியாவரத்துக்காரர் இப்போது மகளையும் ஷெட்டுக்குக் கூட்டி வருகிறார், அப்பனும் மகளுமாக உட்கார்ந்து கட்டுகிறார்கள், பெண்ணுக்கு நல்ல கை, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறாள் என்று.